மூன்று மணிக் குளிர்

மதியம் மூன்று மணி. மயிலாப்பூர் வடக்கு மாட வீதி. ஒரு ஆள் இல்லை.

பேய்க்கு நடு இரவுதான் வேண்டும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். தப்பு. ஆள் இல்லாத தெரு போதும். கொரோனா வந்த அந்த வருடம் ஊரில் எல்லாத் தெருவும் அப்படித்தான் கிடந்தது. வெயில் நிற்கிறது, ஷட்டர்கள் இறங்கியிருக்கின்றன, ஒரு ஹாரன் கிடையாது. கோயில் குளத்தில் மீன் துள்ளுவது தெருவில் கேட்டது என்று அங்கே வேலை பார்த்த லாரன்ஸ் சொல்லுவார்.

அதோடு இன்னொரு சத்தம். கிணிகிணிகிணி என்று... விடாமல். கண்ணாடி வளையல்.

இதை நான் சொன்ன இடம் சிந்தாதிரிப்பேட்டையில் டில்லிபாபு வீட்டு மொட்டைமாடி. மழை விட்டிருந்தது. கரண்ட் போய் இரண்டு மணி நேரம். கூவம் நாற்றம் மாடி வரைக்கும் ஏறியிருந்தது. நாங்கள் நாலு பேர், நான், டில்லிபாபு, கீர்த்தி, சாய்நாத், தண்ணீர்த் தொட்டியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். போன மாதக் காற்றில் தொட்டி மூடி பறந்துவிட்டது. தொட்டியின்மேல் ஏதோ கட்சி பேனரை இழுத்துக் கட்டியிருந்தார்கள். பாதி கட்டு அவிழ்ந்து தொங்கியது. கொசு பிடுங்கியது.

கீழே டில்லிபாபுவின் அக்கா ஷீலாவும் அவள் புருஷன் லாரன்ஸும் படுத்திருந்தார்கள். அக்காவுக்கு ஒன்பதாவது மாதம். முதல் பிரசவம். அம்மா வீட்டுக்கு வந்தாயிற்று, ஆனால் வளைகாப்பு நடக்கவில்லை. கையில் ஒரு வளையல் கிடையாது. கீர்த்திதான் கேட்டாள், கேட்கக்கூடாத மாதிரி மெதுவாக.

"ஏன் டில்லி, அக்கா கை மொட்டையா இருக்கு? மாமா கிறிஸ்டியன்றதாலயா?"

"அதெல்லாம் இல்ல. அவங்க வூட்லயும் போடுவாங்க. மாமாதான் வேணான்டாரு."

"ஏன்?"

டில்லிபாபு என் பக்கம் கையைக் காட்டினான். "அவன்கிட்ட கேளு. அவனுக்குத்தான் மாமா ஃபுல்லா சொல்லிக்கீறாரு. நான் சொன்னா எனக்குத் தூக்கம் வராது."

"எனக்கு எப்படியும் வராது," என்றேன். இரவு வேலையை விட்டு ஆறு மாதம் ஆகிறது. உடம்புக்கு இன்னும் அது தெரியவில்லை.

"சொல்லு மச்சி," என்றான் சாய்நாத். "அதுக்கு முன்னாடி டில்லி, அக்காவுக்கு ஒடம்பு சரியில்லன்னியே சாயங்காலம்?"

"மழையில நனைஞ்சிட்டா. குளுருதுன்னா. மாத்திரை போட்டுகினு தூங்குறா. முந்தாநேத்தும் இப்படித்தான் போர்த்திகினு கெடந்தா, நேத்து எந்திரிச்சு சோக்கா மீன் கொழம்பு வெச்சா. ஒண்ணும் இல்ல. நீ கதைக்கு வா."

சரி. கதைக்கு வருகிறேன்.

லாரன்ஸின் வேலை மலேரியா வேலை. காக்கிச் சட்டை, தோளில் ஒரு பை. பைக்குள் ஒரு தகர டப்பா. டப்பாவில் குத்தூசிகளும் கண்ணாடித் துண்டுகளும். வீடு வீடாகப் போய்க் கிணற்றையும் தொட்டியையும் எட்டிப் பார்த்துக் கொசு மருந்து ஊற்ற வேண்டும். யாருக்காவது குளிர் காய்ச்சல் என்றால் இடது கை மோதிர விரலில் குத்தி, ஒரு சொட்டைக் கண்ணாடியில் தடவிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். மாட வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இரத்தம் பார்க்கும் இடம் இருந்தது. சின்ன அறை. பத்து வருடத்துக்கு மேல் அவர் அங்கேதான் இருந்தார். வேலைக்காரப் பெண்கள், காய்கறி இறக்குபவர்கள், ஊரிலிருந்து வந்து போகிறவர்கள்... அவர் விரலைப் பிடித்துக் குத்தாத ஆள் அந்தப் பக்கத்தில் குறைவு.

கொரோனா வந்ததும் அந்த அறையைப் பூட்டிவிட்டார்கள். இரத்தம் பார்க்கும் ஜுவேரியாவை மூக்கில் குச்சி விடும் இடத்துக்கு அனுப்பினார்கள். லாரன்ஸின் கையில் நெற்றிக்கு நேராகப் பிடிக்கும் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். காலையில் தெருத்தெருவாகச் சூடு பார்க்க வேண்டும். மதியம் எந்த வீட்டில் காய்ச்சல் என்று சொல்ல வேண்டும். சொன்னால் யாரும் உள்ளே வெளியே போகாதபடி அந்தச் சந்தின் வாயில் தகரம் அடிப்பார்கள்.

அவர் சூடு பார்த்த பகுதியில் கால்வாய் ஓரமாக ஒரு சந்து இருந்தது. வரிசையாக ஒற்றை அறை வீடுகள். ஒரு தடவை அங்கே தகரம் அடித்துவிட்டார்கள். தண்ணீர் லாரி உள்ளே வரவில்லை, யாரும் வேலைக்குப் போகவில்லை, அரிசியைக் கயிறு கட்டி இறக்கினார்கள். அதற்கப்புறம் அந்தச் சந்து ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டது. லாரன்ஸ் பத்து மணிக்கு வருவார். உடம்பு லேசாகச் சுட்டால் எட்டு மணிக்கே ஒரு காய்ச்சல் மாத்திரை. பத்துக்கு நெற்றி ஜில்லென்று இருக்கும். துப்பாக்கி பீப் என்று கத்தும், நல்ல எண்ணாகக் காட்டும். லாரன்ஸுக்கும் இது தெரியும். தெரிந்தேதான் சொன்ன நேரத்துக்குச் சரியாகப் போனார். நேரம் மாற்றிப் போனால் யாராவது மாட்டுவார்கள், தகரம் வரும். அந்த ஜனங்களுக்கு அவர் செய்த உதவி அது.

"நல்ல மனுஷன்தானே," என்றாள் கீர்த்தி.

"நல்ல மனுஷன்தான்," என்றேன். "அதான் பிரச்சனை."

அந்தச் சந்தில் தேவானை என்று ஒரு பூக்காரம்மா. அவள் பெண் மணிமொழிக்கு அப்போது எட்டாவது மாதம். மணிமொழி இருந்தது ஊருக்கு வெளியே, ஆற்றோரத்து ஆட்களைக் கொண்டுபோய்க் குடிவைத்த அடுக்கு வீட்டில். அங்கே பக்கத்தில் ஆஸ்பத்திரியும் கிடையாது, பஸ்ஸும் ஓடவில்லை. புருஷன் துரைராஜ் ஒரு மீன் வண்டியைப் பிடித்து அவளை அம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிப் போனான். லாரன்ஸ் தினமும் பத்து மணிக்கு அவள் நெற்றியில் துப்பாக்கியை நீட்டுவார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "சுட்ராத நைனா, ரெண்டு உசிரு," என்பாள். தினமும் அதே ஜோக். எண் தினமும் நன்றாகவே இருந்தது.

இப்போது மாட வீதி. மூன்று மணி.

லாரன்ஸ் வேலையை முடித்துக்கொண்டு நடந்து வந்துகொண்டிருந்தார். பிளீச்சிங் பவுடர் நாற்றம் மூக்கை எரித்தது. கிணிகிணிகிணி... எங்கிருந்து என்று தெரியவில்லை. நின்று பார்த்தார். பூட்டிய வளையல் கடையின் படியில் ஒரு பெண். இருபது, இருபத்திரண்டு இருக்கும். வயிறு முட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கையிலும் முழங்கைக்குக் கொஞ்சம் கீழ் வரை வளையல், பச்சையும் சிவப்பும். முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். அந்த வெயிலில். சத்தம் அந்த நடுக்கத்திலிருந்து வந்தது.

அவரைப் பார்த்ததும் இடது கையை நீட்டினாள். மோதிர விரல் மட்டும் நிமிர்ந்திருந்தது.

"ஊசி இப்ப இல்லம்மா. ரூமு பூட்டிக்கீது," என்றார். அவள் விரலை மடக்கவில்லை. பழக்க தோஷத்தில் அவர் துப்பாக்கியை அவள் நெற்றிக்கு நேராகப் பிடித்தார். பீப். எண் வரவில்லை. ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து, லோ என்று. மறுபடி. லோ. பேட்டரி போய்விட்டது என்று நினைத்துத் தன் நெற்றியில் வைத்துப் பார்த்தார். நன்றாக வேலை செய்தது. அந்தத் துப்பாக்கியைச் சுவரில் காட்டினால், தரையில் காட்டினால், ஐஸ் கட்டியில் காட்டினால் லோ என்று வரும்.

"பக்கத்துல எந்த வூடும்மா?" என்றார். கிணிகிணி மட்டும். தண்ணீர் பாட்டிலைப் படியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். தெருமுனை வரைக்கும் அந்தச் சத்தம் கூட வந்தது.

அடுத்த நாள் அவள் இல்லை. பாட்டில் இருந்தது, திறக்காமல்.

அதற்கடுத்த நாள், மூன்று மணி, அதே படி... அதே விரல். லாரன்ஸ் அந்தத் தடவை அவளிடம் போகவில்லை. எதிர்ச் சுவரோரமாக ஒட்டிக்கொண்டு போய்விட்டார். தலையைத் திருப்பவில்லை. ஆனால் வீட்டுக்குப் போனதும் ஒன்று உறைத்தது. ஒருநாள் விட்டு ஒருநாள். அதே நேரம். உதறல். பத்து வருடமாக அவர் பார்த்த வேலை அதுதானே. முறைக் காய்ச்சல். மலேரியா.

"மாமாவுக்கு பயமே இல்லியா?" என்றான் சாய்நாத்.

"இருந்துச்சு," என்றான் டில்லிபாபு. "அன்னிக்கு அக்கா வெச்ச சோத்தை அப்படியே வெச்சிட்டாரு."

பயம் இருந்தது. ஆனால் அந்த விரல் அதைவிடப் பெரிய தொந்தரவாக இருந்தது. வேலைக்காரனுக்கு அப்படித்தான். அடுத்த முறை வரும் நாளில், பூட்டிய அறையின் சாவி அவரிடம் ஒன்று இருந்தது, திறந்து தகர டப்பாவை எடுத்துக்கொண்டார். மூன்று மணிக்குப் படிக்குப் போனார். இருந்தாள். நீட்டினாள். விரலைப் பிடித்தார்.

சட்டென்று விட்டுவிடலாம் போல் இருந்தது என்றார். குளிர்பெட்டிக்குள் வைத்து எடுத்த மாதிரி ஒரு விரல். பஞ்சால் துடைத்துக் குத்தினார். இரத்தம் வரவில்லை. அழுத்தினார். வரவில்லை. இன்னும் அழுத்தினார்... மெதுவாக, ஒரே ஒரு சொட்டு, கறுப்பாக வந்தது. கண்ணாடியில் தடவினார்.

அப்போது வளையல் சத்தம் நின்றது.

அந்தத் தெருவில் அவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்த ஒரே சத்தம் அது. நின்றதும் காது அடைத்த மாதிரி ஆகிவிட்டது. அவள் முதல் தடவையாக வாயைத் திறந்தாள். செங்கல்பட்டுப் பக்கத்துப் பேச்சு.

"காலையில வராதண்ணா. காலையில வந்தா எனக்கு ஒண்ணுமே இருக்காது."

அவ்வளவுதான். எழுந்து போகவில்லை, மறையவும் இல்லை. உட்கார்ந்தே இருந்தாள். லாரன்ஸ்தான் நடந்தார். பின்னால் பார்க்காமல் நடந்தார். கால் எங்கே போகிறது என்று தெரியாமல் நடந்து, நின்ற இடம் கால்வாய்ச் சந்து. அந்த நேரத்தில் அவர் அங்கே போனதே கிடையாது. சந்தில் ஒருவரும் வெளியே இல்லை. குக்கர் சத்தம், டிவி சத்தம். அதற்கு நடுவில்... கிணிகிணிகிணி.

தேவானை வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது.

கதவைத் தட்டினார். உள்ளே ஓடுகிற சத்தம், எதையோ இழுத்து மூடுகிற சத்தம். தேவானை ஒரு கண் தெரிகிற அளவுக்குக் கதவைத் திறந்தாள்.

"இன்னா நைனா இந்த நேரத்துல? காலையிலதான் பாத்துட்டுப் போனியே."

"மணிமொழி எங்க?"

"தூங்குது."

"வளையல் சத்தம் கேக்குதே."

"வளையலா?" தேவானை முகம் மாறியது. "இன்னா நைனா பேசுற. கடையே தொறக்கல, யாரு வளையல் போட்டாங்க அவளுக்கு? ஏழாம் மாசமும் போச்சு, ஒண்ணும் செய்யல."

அவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். வீட்டில் இருந்த புடவை, போர்வை, சாக்கு, எல்லாவற்றுக்கும் அடியில் மணிமொழி கிடந்தாள். கட்டில் சுவரில் இடித்துக்கொண்டிருந்தது, அப்படி ஒரு உதறல். பற்கள் அடித்துக்கொண்டன. போர்வையை விலக்கிக் கையைப் பார்த்தார். மொட்டைக் கை. ஒரு கயிறுகூட இல்லை.

வளையல் சத்தம் எப்போது நின்றது என்று அவருக்கு ஞாபகம் இல்லை.

"எத்தினி நாளா?"

"ஒரு வாரம்... பத்து நாளு. ஒருநாளு வருது, ஒருநாளு இல்ல. மாத்திரை குடுத்தா அடங்குது. காலையில உன் மிஷின்லயே நல்லாத்தானே காட்டுது?"

"அது மாத்திரையால அடங்கல. காலையில அது வராதும்மா."

"தகரம் அடிச்சிருவாங்கன்னுதான் நைனா..." தேவானை கதவுக்குக் குறுக்கே போய் நின்றுகொண்டாள். "சொல்லிராத. சந்து ஜனம் மொத்தமும் என் தலையில மண்ணப் போடும்."

லாரன்ஸ் டப்பாவைத் திறந்தார். மணிமொழி கண்ணைத் திறந்து டப்பாவைப் பார்த்தாள். அந்த நிலையிலும், "இன்னிக்கு துப்பாக்கி இல்லியா நைனா," என்றாள். விரலைக் கொடுத்தாள். சுட்டது. இரத்தம் சிவப்பாக, உடனே வந்தது.

டப்பாவில் இப்போது இரண்டு கண்ணாடித் துண்டுகள்.

ஜுவேரியா வீடு மீர்சாகிப்பேட்டையில். வேலை முடிந்து அவள் வரும்வரை வாசலில் நின்று கெஞ்சி, பூட்டிய அறைக்குக் கூட்டிவந்தார். விளக்கைப் போட்டால் வெளியே தெரியும் என்று ஜன்னலில் காக்கிச் சட்டையைக் கழற்றித் தொங்கவிட்டார். அவள் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். மணிமொழியின் துண்டைப் பார்த்ததுமே, "அல்லா," என்றாள். "யாருண்ணா இது? கிருமி நெறைஞ்சு கெடக்கு. புள்ளத்தாச்சியா? உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க."

அடுத்ததைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். துண்டை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தாள். மோந்து பார்த்தாள்.

"வெளையாடுறீங்களா? இத எதுக்கு எடுத்துட்டு வந்தீங்க?"

"இதுவும் இன்னிக்கு எடுத்ததுதான்."

"இன்னிக்கா? சாயமே ஏறல. ரெண்டு மூணு மாசமா காஞ்சு தூளாகிக் கெடக்குது இந்த ரத்தம்."

டில்லிபாபு எழுந்து பேனரை இழுத்துத் தொட்டியின்மேல் சரியாகப் போட்டான். மறுபடி நழுவியது. உட்கார்ந்தான்.

"மணிமொழிக்கு என்ன ஆச்சு?" என்றாள் கீர்த்தி.

பேய் வந்து ஒரு உயிரைக் காப்பாற்றியது என்று முடிக்கலாம்தான். கேட்க நன்றாக இருக்கும். நடந்தது அதுவல்ல.

அன்று இரவே ஆட்டோ பிடித்துக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரி வாசலில் துப்பாக்கியை நீட்டினார்கள். இந்தத் தடவை எண் எகிறியது. காய்ச்சல் என்றால் அப்போது ஒரே அர்த்தம்தான். கொரோனா பக்கத்தில் படுக்கவைத்தார்கள். மலேரியா என்று லாரன்ஸ் கத்தினார். யார் பார்த்தது, எந்த அறையில் பார்த்தது, அந்த அறைதான் பூட்டியிருக்கிறதே என்றார்கள். மூக்கில் குச்சி விட்டதற்கு முடிவு வரட்டும் என்றார்கள். மலேரியாவுக்குக் கொடுக்கிற அந்தக் கசப்பு மாத்திரை கொரோனாவுக்கு நல்லது என்று ஒரு பேச்சு கிளம்பி, கடைகளில் எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. லாரன்ஸ் சைக்கிள் எடுத்துக்கொண்டு மந்தைவெளி, அடையாறு, தி. நகர் என்று ஒவ்வொரு கடையாக அலைந்தார். உஸ்மான் ரோட்டில் நட்டநடுவில் சைக்கிள் ஓட்டினேன் என்று சொல்லுவார். எப்போதும் கால் வைக்க இடமில்லாத அந்த ரோட்டில். கடைசியில் தெரிந்த ஒருவர் பழைய மருந்துப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

முடிவு வந்தது. கொரோனா இல்லை. மாத்திரை உள்ளே போனது. அதற்குள் வயிற்றுக்குள் அசைவு நின்றிருந்தது.

மணிமொழி பிழைத்தாள். பிள்ளை தங்கவில்லை.

தேவானை லாரன்ஸைத் திட்டவில்லை. அவர் துக்கம் கேட்கப் போனபோது ஒன்றே ஒன்று கேட்டாளாம். "அன்னிக்கு வளையல் சத்தம் கேக்குதுன்னியே நைனா. அது இன்னாது?"

வளையல் கடை திறக்க செப்டம்பர் ஆகிவிட்டது. கடையில் இரவு காவலுக்குப் படுக்கிற வெள்ளைச்சாமி, திருநெல்வேலிக்காரர், ஊருக்குப் போயிருந்தவர் திரும்பி வந்திருந்தார். லாரன்ஸ் படியைப் பார்த்துக்கொண்டே நின்றதைக் கவனித்துவிட்டு அவராகவே பேச்சுக் கொடுத்தார்.

"நீரு அந்த ரத்தம் குத்துற ரூம்புக்காரருல்லா?"

"ஆமா."

"ஏப்ரல் மாசம் உம்மைத் தேடி ஒரு பிள்ள வந்துச்சுவே. எல்லாம் அடைச்சு பத்துப் பதினஞ்சு நாளு இருக்கும். நான் கடைக்குள்ளதான் கெடந்தேன். ஷட்டரக் கொஞ்சமா தூக்கிப் பாத்தேன், இந்தா, இந்தப் படிலதான். மாசமா இருந்துச்சு. கை நெறைய வளையல். திருக்கழுக்குன்றத்துக்கு அங்கிட்டு ஏதோ கிராமமாம். மாசாமாசம் ஊருக்கு வந்து விரல்ல குத்திப் பாக்குற நர்சம்மாவ கொரோனாவுக்குக் கூப்பிட்டுக்கிட்டாவளாம். வேற ஆளு இல்லியாம். முன்ன இங்கன ஒரு வீட்டுல வேலை பாத்துச்சாம், அப்பம் ஒருக்கா காய்ச்சல் வந்தப்ப இங்கதான் குத்தினாவளாம். அத நம்பி தர்பூசணி லாரில ஏறி வந்துட்டு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. ரூம்பு பூட்டியிருக்குன்னேன். காக்கிச் சட்ட போட்ட அண்ணன் வருவாரு, நான் இருக்கேன்னுச்சு. என்னா ஆட்டம் ஆடுச்சு தெரியுமா... வளையச் சத்தம் காது தாங்கல. எனக்குப் பயம். கொரோனாவோன்னு. தண்ணி பாட்டில உருட்டிவிட்டேன். திறக்கத் தெம்பில்ல அதுக்கு. சாயங்காலம் யாரோ போன் போட்டு ஆஸ்பத்திரி வண்டி வந்துச்சு. தூக்கையில சத்தம் இல்ல."

வெள்ளைச்சாமி துண்டால் படியைத் தட்டினார். "நீரு வந்தீரா அப்பம்?"

லாரன்ஸ் அப்போது வேறு தெருவில் தகரம் அடிக்கிற ஆட்களுக்கு வழி காட்டிக்கொண்டிருந்தார். வரவில்லை.

அதனால்தான் ஷீலா அக்காவுக்கு வளையல் வேண்டாம் என்றார். அந்தச் சத்தத்தை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு அவரால் தூங்க முடியாது. அவ்வளவுதான் கதை.

தொட்டிக்குள் எங்கோ ஒரு சொட்டு விழுந்தது.

"சரிடா," என்றான் சாய்நாத். "மாமாதான் எக்ஸ்பர்ட் ஆச்சே. மூடி இல்லாத தொட்டியப் பாத்துட்டு சும்மாவா வுட்டாரு?"

"அவரு எங்க பாத்தாரு," என்றான் டில்லிபாபு. "ஊரெல்லாம் வைரஸ் காய்ச்சலாம். ரெண்டு வாரமா அவர முகாம்ல குந்த வெச்சிட்டாங்க, மறுபடி அந்தத் துப்பாக்கியத் தூக்கிக் குடுத்து. காலையில எட்டு மணிக்குப் போனா ராத்திரி வராரு. வந்ததும் விழுந்துடுறாரு. அக்காகிட்ட பேசவே..."

அவன் பாதியில் நிறுத்தினான். நானும் அதே நேரத்தில்தான் கணக்குப் போட்டேன். முந்தாநாள் போர்த்திக்கொண்டு கிடந்தாள். நேற்று எழுந்து மீன் குழம்பு வைத்தாள். இன்று...

டில்லிபாபு என்னைப் பார்த்தான். இருட்டில் அவன் கண்ணின் வெள்ளை மட்டும் தெரிந்தது. கீர்த்தி அவன் சட்டையைப் பிடித்தாள்.

"கீழ யாரு வளையல் போட்டிருக்கா?"

கிணிகிணிகிணி. படிக்கட்டு வழியாக ஏறி வந்தது. சன்னமாக, விடாமல்.

"மாமா," என்று டில்லிபாபு கூப்பிட்டான். மறுபடி கூப்பிட்டான். "மாமா... எந்திரி மாமா."

அவர் ஏற்கெனவே எழுந்திருந்தார். கீழே பாய் சரசரத்தது. ஏதோ தட்டுப்பட்டு உருண்டது. பிறகு எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்ட ஒரு சத்தம், தகர டப்பாவின் மூடி. நாங்கள் படியின் தலைப்பில் போய் நின்றோம். கீழே கும்மிருட்டு. தீக்குச்சி உரசினார், நனைந்திருந்ததோ என்னவோ, பற்றவில்லை. இன்னொன்று. பற்றவில்லை.

"பரவால்ல, விரலக் குடு," என்றார் லாரன்ஸ். தூக்கம் கலையாத குரல். "பயப்படாத. குடு... ம். ஏன் இப்பிடி ஜில்லுனு கீது?"

வளையல் சத்தம் நின்றது.

"இன்னாய்யா?" ஷீலா அக்காவின் குரல். பற்கள் அடித்துக்கொள்ள, அறையின் அந்தக் கோடியிலிருந்து. "நான் இங்க படுத்துங்கீறேன். நீ யாரு கையப் புடிச்சிகினு கீற?"